நெல்லுக்கு ஈரமானி; பற்றரிக்கு எது?

கமக்காரன் தன் நெல்லை நெல் சந்தைப்படுத்தும் சபையின் களஞ்சியத்துக்கு ஏற்றிச் செல்கின்றான். அங்கே அவனுடைய சொல்லுக்கு மதிப்பில்லை. "நன்றாகக் காய்ந்த நெல், ஐயா" என்று அவன் ஆயிரம் முறை கூறினாலும், உத்தியோகத்தர் ஒரு பிடி நெல்லை ஈரமானியில் இட்டுப் பார்த்த பின்னரே விலை பேசுவார். ஈரம் 14 வீதத்தைத் தாண்டினால் முழு விலை கிடையாது. இதனை நாம் குறை கூறவில்லை. அளந்து வாங்குவதும் அளந்து கொடுப்பதும் வாணிகத்தின் முதல் அறம். எல்லாச் சமயங்களும் அதனையே போதிக்கின்றன.

ஆனால், அதே கமக்காரன் நெல் விற்ற பணத்தையும், கட்டாரிலோ சவூதியிலோ உழைக்கும் மகன் அனுப்பிய பணத்தையும் ஒன்று சேர்த்து, ஏற்கெனவே ஓடிய மின்சாரக் கார் ஒன்றை வாங்கச் செல்லும்போது அந்த அறம் எங்கே போகின்றது? மூடை நெல்லின் ஈரத்தைக் கருவி கொண்டு அளக்கும் நாட்டில், பல இலட்சம் ரூபா பெறுமதியான வண்டியின் உயிர்நிலை எத்தனை வீதம் எஞ்சியுள்ளது என்பதை அளந்து எழுதித் தரவேண்டும் என்ற வழக்கம் இல்லை. விற்பவரின் வாய்ச்சொல்லே அளவுகோல். வாங்குபவரின் நம்பிக்கையே தராசு. தம்பிலுவில்லிலும் திருக்கோவிலிலும், அக்கரைப்பற்றிலும் கல்முனையிலும் இத்தகைய வண்டிகளை வாங்க எண்ணுவோர் பெருகிவரும் இந்நாளில், இது குறித்து நாம் மௌனமாக இருத்தல் தகாது.

இவ்வண்டிகள் நம் நாட்டுக்கு வந்த வரலாற்றை முதலிற் சுருக்கமாக நினைவுகூர்வோம். 2014, 2015ஆம் ஆண்டுகளில் மின்சாரக் கார்களுக்கு வரி குறைவாக இருந்தது. அப்போது ஜப்பானில் ஓடிய நிசான் லீஃப் கார்கள், ரீகண்டிஷன் வண்டிகள் என்ற பெயரில் பெருமளவில் இங்கு இறக்கப்பட்டன. பின்னர் வரி ஏறியது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியே நிறுத்தப்பட்டது. 2022இல் எரிபொருள் நெருக்கடி மூண்டது. அவ்வாண்டு ஜூன் இறுதியில் பெற்றோல் லீற்றருக்கு 470 ரூபா ஆயிற்று, கியூ.ஆர். குறியீட்டைக் காட்டி வாரத்துக்கு இத்தனை லீற்றர் என்று வாங்கும் நிலை வந்தது. வரிசையில் இரவு பகலாக நின்ற மக்கள், வீட்டு மின்சாரத்தில் ஓடும் வண்டியைப் பொறாமையோடு பார்த்தனர். கிழிந்த பழைய லீஃபும் மவுசு பெற்றது. 2025 பெப்ரவரியில் இறக்குமதிக் கதவு மீண்டும் திறந்தபின், புதிய வண்டிகளும் பழைய வண்டிகளும் சந்தையில் அருகருகே நிற்கின்றன. புதியதை வாங்க வசதியற்றவர் பழையதை நாடுகின்றார். அவர் பெரும்பாலும் ஆசிரியர்; அல்லது தாதி உத்தியோகத்தர்; அல்லது நடுத்தரக் கமக்காரர். ஏமாற்றம் நேருமாயின் அதனைத் தாங்கும் வலிமை மிகக் குறைந்தவர்களும் அவர்களே.

பழைய பெற்றோல் காரை வாங்குவோர் இயந்திரத்தின் ஒலியைக் கேட்பர், புகையைப் பார்ப்பர், தெரிந்த மெக்கானிக்கை உடன் அழைத்துச் செல்வர். மின்சாரக் காரில் ஒலியுமில்லை, புகையுமில்லை. அதன் பெறுமதியில் பெரும்பங்கு இருக்கையின் அடியில், கண்ணுக்குப் புலப்படாத பற்றரியில் அடங்கியிருக்கின்றது. அப்பற்றரி தேய்வதை எவ்வாறு விளங்கிக்கொள்வது? சாகாமக் குளத்து நீரைப் பாய்ச்சி வயல் விளைப்போருக்கு அதனை விளக்க நீண்ட பாடம் தேவையில்லை.

ஒரு குளம் ஆண்டுதோறும் வண்டல் படிந்து தூர்ந்து வருகின்றது என்று வைத்துக்கொள்வோம். அணைக்கட்டின் உயரம் மாறவில்லை. மாரி பெய்தால் குளம் நிரம்பி வான் பாய்கின்றது. பார்ப்பவன் "குளம் நிறைந்துவிட்டது" என்றே கூறுவான், அது பொய்யுமன்று. ஆயினும், முன்பு ஆயிரம் ஏக்கருக்குப் பாய்ந்த நீர் இப்போது அறுநூறு ஏக்கருக்கே போதுகின்றது. பற்றரியும் அவ்வாறே. மின்னேற்றம் முடிந்ததும் வண்டியின் திரை நூறு வீதம் என்று காட்டும். அது எஞ்சியிருக்கும் கொள்திறனின் நூறு வீதமே அன்றிப் புதிதாக இருந்த காலத்துக் கொள்திறனின் நூறு வீதமன்று. இந்த ஒரு வேறுபாட்டை அறியாமையே பல ஏமாற்றங்களுக்கு வாயிலாகின்றது.

தூர்வதற்குக் காரணங்கள் என்ன? முதலாவது காலம். வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் லிதியம் பற்றரியினுள் இரசாயன மாற்றங்கள் நிகழ்ந்துகொண்டே இருக்கின்றன. மின்சாரத்தைச் சுமக்கும் லிதியத்தின் ஒரு பகுதி மெல்ல மெல்லப் பயனற்றுப் போகின்றது. இரண்டாவது வெப்பம். அம்மாற்றங்களை வெப்பம் விரைவுபடுத்துகின்றது. மூன்றாவது, முழு மின்னேற்றத்தோடு வண்டியை நாட்கணக்கில் வெயிலில் நிறுத்தி வைத்தல். நான்காவது, ஏற்றுவதும் இறக்குவதுமாகிய பாவனை. அதிலும் சூடேறிய பற்றரிக்கு மேலும் சூடேற்றும் அடிக்கடியான விரைவு மின்னேற்றம்.

இவற்றுள் வெப்பத்தைப் பற்றி நம் கரையோர மக்கள் தனியே சிந்திக்க வேண்டும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் இங்கு எறிக்கும் வெக்கை எத்தகையது என்பதை நாம் எவருக்கும் சொல்ல வேண்டியதில்லை. இன்று வரும் பல மின்சாரக் கார்களில் திரவத்தை ஓடவிட்டுப் பற்றரியைக் குளிர்விக்கும் ஏற்பாடு உண்டு. 2010ஆம் ஆண்டின் இறுதியில் விற்பனைக்கு வந்த லீஃபிலோ, அதன் பின்வந்த 40 அலகு லீஃபிலோ அத்தகைய ஏற்பாடு இல்லை. சூடான பற்றரி தானே ஆறவேண்டும். ஜப்பானின் குளிருக்கு அது போதியதாக இருந்திருக்கலாம். வெக்கை மிகுந்த நாட்டுக்கு?

அமெரிக்காவின் அரிசோனா மாநிலம் இவ்வினாவுக்கு 2012ஆம் ஆண்டிலேயே விடை கூறிவிட்டது. பாலைவன வெயில் எறிக்கும் அங்கே, வாங்கி ஈராண்டும் நிறையாத லீஃப் வண்டிகளின் கொள்திறன் குறைவதை உரிமையாளர் கண்டனர். நிறுவனத்தின் உத்தரவாதமோ படிப்படியான கொள்திறன் இழப்பை உள்ளடக்கவில்லை. அவர்கள் வாளாவிருக்கவில்லை, ஒன்றுகூடினர், தாமே வண்டிகளை ஓட்டி அளந்து கணக்கெடுத்தனர், அவ்வாண்டே நீதிமன்றம் சென்றனர். பலனாக, 5 ஆண்டு அல்லது 60,000 மைலுக்குள் கொள்திறன் கோடுகள் 9இற்குக் கீழே இறங்கினால் பற்றரியைத் திருத்தியோ மாற்றியோ தருவதாக நிறுவனம் ஏற்றுக்கொண்டது. பின்னர் வெக்கையைக் கூடுதலாகத் தாங்கும் பற்றரியும் வந்தது. அளந்து வைத்த கணக்கு அவர்கள் கையில் இராவிடின், "அது உங்கள் மனப்பிரமை" என்ற ஒரு சொல்லில் அவர்களின் முறைப்பாடு முடிந்திருக்கும்.

அடுத்து, ஒருமுறை மின்னேற்றினால் வண்டி எவ்வளவு தூரம் ஓடும் என்ற கேள்விக்கு வருவோம். விளம்பரங்களில் இதற்கு ஓர் இலக்கம் தரப்படுகின்றது. அவ்விலக்கத்தை எந்த நாட்டார் எந்த முறையில் அளந்தனர் என்று எவரும் கேட்பதில்லை. 40 அலகு மின்சாரம் கொள்ளும் லீஃப் வண்டியையே எடுத்துக்கொள்வோம். (மின்சாரக் கட்டணப் பட்டியலில் வரும் அதே அலகுதான் இது.) ஜப்பானின் பழைய அளவைமுறைப்படி அதன் ஓடுதூரம் 400 கிலோமீற்றர். ஜப்பானிலேயே பின்வந்த புதிய முறைப்படி 322. அமெரிக்க அரசாங்கத்தின் முறைப்படி 243. வண்டி ஒன்று, பற்றரி ஒன்று, சாட்சிகள் மூவர், சாட்சியங்கள் மூன்று! நீதிமன்றத்தில் இவ்வாறு சாட்சியங்கள் முரண்பட்டால் நாம் குறுக்கு விசாரணை செய்வோம். விற்பனை நிலையத்தில் மட்டும் மிகப்பெரிய இலக்கத்தைக் கூறுபவரையே உண்மைச் சாட்சி என்று ஏற்றுக்கொள்கின்றோம்.

இதனை நமது றோட்டில் வைத்துப் பார்ப்போம். தம்பிலுவில்லிலிருந்து அக்கரைப்பற்று ஏறத்தாழ 12 கிலோமீற்றர்; கல்முனை ஏறத்தாழ 35; மட்டக்களப்பு ஏறத்தாழ 75. இவ்வூர் ஆசிரியர் ஒருவர் 24 அலகுப் பற்றரி கொண்ட பழைய லீஃப் ஒன்றை வாங்குகின்றார் என்று கொள்வோம். "ஒருமுறை ஏற்றினால் 200 கிலோமீற்றர் ஓடும்" என்று அவருக்குச் சொல்லப்படுகின்றது. ஜப்பானிய விளம்பரத்தில் அப்படியோர் இலக்கம் இருந்தது உண்மையே. அமெரிக்க அளவைப்படியோ, அவ்வகை வண்டி புதிதாக இருந்தபோதே, பிந்திய ஆண்டுகளில் வந்தது கூட 135 கிலோமீற்றர்தான் ஓடியது. பற்றரி 30 வீதம் தேய்ந்திருப்பின் அது 95 கிலோமீற்றர் வரையில் வந்து நிற்கும். குளிரூட்டியை இயக்கி, ஐவரை ஏற்றி, விரைந்து ஓட்டினால் அதிலும் குறையும். கடைசித் துளி வரை ஓட்டி நடுவழியில் நிற்க எவரும் விரும்பார். எனவே நம்பத் தகுந்த தூரம் 70, 75 கிலோமீற்றர்.

இதன் பொருள் யாது? நாள்தோறும் அக்கரைப்பற்றிலுள்ள பாடசாலைக்குப் போய்வர இவ்வண்டி தாராளமாகப் போதும். கல்முனைக்குப் போய்வருவது மயிரிழைக் கணக்கு. நோயுற்ற தாயாரை இரவோடிரவாக மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலைக்கு ஏற்றிச் செல்ல நேர்ந்தால், போய்ச் சேர்வதே ஐயத்துக்குரியது. அங்கே மீண்டும் மின்னேற்றாமல் திரும்பி வருதல் இயலவே இயலாது. வாங்கும் நாளில் இதனை அறிந்திருந்தால் அவர் ஒன்றில் வேறு வண்டியைத் தேடியிருப்பார். அல்லது இதே வண்டியைத் தக்க விலைக்குக் கேட்டிருப்பார்.

நாம் மின்சாரக் காருக்கு எதிரிகளல்லர் என்பதை இங்கே அழுத்திக் கூறுகின்றோம். கூரையில் சூரியத் தகடு பதித்த வீட்டுக்காரருக்கு அது பெரும் வரப்பிரசாதம். தேய்ந்த பற்றரியுள்ள வண்டியும் தள்ளத்தக்கதன்று. கிழட்டு எருதுக்கும் செய்யத்தக்க வேலை உண்டு; இளங்காளையின் விலை மட்டும் அதற்கு இல்லை. மாட்டை வாங்குபவன் பல்லைப் பிடித்துப் பார்ப்பது மாட்டின்மேல் உள்ள வெறுப்பினாலன்று. நாம் கேட்பதும் பல்லைப் பார்க்கும் உரிமையையே.

விற்பவர்கள் வழக்கமாக முன்வைக்கும் சமாதானங்களையும் ஆராய்வோம். "குறைந்த தூரமே ஓடிய வண்டி" என்பது ஒன்று. தூரமானியின் இலக்கத்தைத் திருத்தும் வித்தை நாடறிந்தது. இலக்கம் உண்மையேயாயினும், ஓடாமல் நின்ற பற்றரியும் காலத்தால் தேய்கின்றது என்று மேலே கூறினோம். ஆகவே குறைந்த தூரம் ஒரு நற்குறியேயன்றிச் சான்றன்று.

"பன்னிரண்டு கோடுகளும் இருக்கின்றன, பாருங்கள்" என்பது மற்றொன்று. லீஃபின் முகப்பில் பார் என்று வழங்கும் பன்னிரண்டு கோடுகள் பற்றரியின் கொள்திறனைக் குறிக்கும். முதற் கோடு மறைவதற்கே ஏறத்தாழ 15 வீதக் கொள்திறன் இழக்கப்பட வேண்டும். அதன்பின்னரே ஒவ்வொரு கோட்டுக்கும் ஏறத்தாழ 6 வீதம் என்ற கணக்கு. எனவே பன்னிரண்டு கோடுகளும் உள்ள வண்டி முழுப் பலமுள்ளதாகவும் இருக்கலாம். ஏழிலொரு பங்கை இழந்ததாகவும் இருக்கலாம். அன்றியும், கணினிக் கருவியால் அக்கணக்கை அழித்து, மறைந்த கோடுகளைச் சில காலத்துக்கு மீண்டும் தோன்றச் செய்யும் மோசடியும் உலகில் நடைபெற்றுள்ளது. கோடு மீள்கின்றது, கொள்திறன் மீள்வதில்லை.

மூன்றாவது சமாதானம், "பற்றரி பழுதில்லை, வண்டி ஓடுகின்றதே" என்பது. 24 அலகுப் பற்றரியினுள் 192 கலங்கள், இரண்டிரண்டாகப் பிணைக்கப்பட்டு ஒரே தொடரில் நிற்கின்றன. நுகத்திற் பூட்டிய இரு மாடுகளில் நொண்டியின் நடையே ஏரின் நடை. அவ்வாறே ஒரு சில கலங்கள் நலிந்தாலும் வண்டி முழுவதும் அவற்றின் நடைக்கு இறங்கிவிடும். ஊருக்குள் ஒரு சுற்று ஓட்டிப் பார்ப்பதால் இது வெளிப்படாது. இருபது, இருபத்தைந்து வீதத்துக்குக் கீழே மின்னேற்றம் இறங்கும்போதே அதன் சுயரூபம் தெரியும்.

இனிச் சட்டத்துக்கு வருவோம். வாங்குபவனே விழிப்பாயிருக்க வேண்டும் என்பது ஆங்கிலச் சட்டத்திலிருந்து நாம் பெற்ற பழைய விதி. ஆனால் நமது 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் அதற்கு விதிவிலக்குகளையும் வகுத்துள்ளது. அவ்வகைப் பொருளை விற்பதையே தொழிலாகக் கொண்டவரிடம், வாங்குபவர் தமது தேவை இன்னது என அறிவித்து, அவருடைய அனுபவத்தை நம்பி வாங்குகின்றார் என்பது புலப்படுமாயின், பொருள் அத்தேவைக்கு ஏற்றதாக இருக்கவேண்டும் என்பது ஒப்பந்தத்தில் எழுதப்படாத நிபந்தனையாகின்றது. இவ்வாசகம் வாங்குவோர் கையில் உள்ள வலிய ஆயுதம். அதனை எடுத்துப் பயன்படுத்துவோரே அரிது. "நாளாந்தம் தம்பிலுவில்லிலிருந்து கல்முனைக்குச் சென்று, இடையில் மின்னேற்றாமல் திரும்பிவர இவ்வண்டி வேண்டும்" என்று ஒரு கடிதத்தில் எழுதி, விற்பவரின் கையொப்பத்தைப் பெற்றுக்கொள்ளுங்கள். அந்த ஒரு வரி, பின்னர் நீதிமன்றில் நூறு வாய்ச்சொல்லுக்கு மேலானது.

தனிப்பட்ட ஒருவர் தம் சொந்தக் காரை விற்கும்போது இந்நிபந்தனை எழுவதில்லை. ஆகவே அங்கே எழுத்துமூல உத்தரவாதம் இன்னும் அவசியம். "உள்ளது உள்ளபடி விற்கப்பட்டது" என்ற வாசகத்தைச் சிறிய எழுத்தில் புகுத்தி வணிகர் தம் பொறுப்பைக் கழுவிவிட முயல்வராயின், 1997ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க நியாயமற்ற ஒப்பந்த நியதிகள் சட்டம் நுகர்வோரின் துணைக்கு வரும். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் விவகார அதிகார சபைச் சட்டம், வணிகர் பொய்யான அல்லது திசைதிருப்பும் கூற்றுக்களால் விற்பதைத் தடைசெய்கின்றது. உத்தரவாதத்துக்கு மாறான விற்பனை பற்றி அச்சபைக்கு எழுத்தில் முறையிடலாம். ஆனால் மூன்று மாதங்களுக்குள் முறையிடல் வேண்டும். பற்றரியின் குறையோ ஆறுதலாகவே தெரிய வரும். ஆதலால் வாங்கிய முதல் மாதத்திலேயே அளந்து பார்த்தல் இன்றியமையாதது.

வாங்க விரும்புவோர் செய்யத்தக்கன இவை:

ஒன்று. பற்றரியின் எஞ்சிய கொள்திறன் எத்தனை வீதம் என்பதைக் கருவி கொண்டு அளப்பியுங்கள். லீஃபுக்கு லீஃப் ஸ்பை என்னும் கைத்தொலைபேசிச் செயலியும், வண்டியிற் செருகும் சிறு கருவியும் போதும். கொள்திறன், கலங்களுக்கிடையிலான வேறுபாடு, எத்தனை முறை விரைவு மின்னேற்றம் செய்யப்பட்டது என்பன அதில் தெரியும். பிற வண்டிகளுக்கு முகவர் நிலையத்தின் பரிசோதனை அறிக்கையைக் கேளுங்கள்.

இரண்டு. கருவியை மட்டும் நம்பாமல் றோட்டிலும் அளவுங்கள். நூறு வீதத்திலிருந்து இருபது வீதம் இறங்கும் வரை, குளிரூட்டியை இயக்கி, வழக்கமான வேகத்தில் ஓட்டுங்கள். ஓடிய தூரத்தை 80ஆல் வகுத்து 100ஆல் பெருக்குங்கள். 60 கிலோமீற்றர் ஓடியிருந்தால் முழு ஓடுதூரம் 75 என்பதாகும். விற்பவர் இதற்கு இணங்க மறுப்பாராயின், அம்மறுப்பே ஒரு சாட்சியம்.

மூன்று. வண்டியின் வயதை உற்பத்தித் திகதியிலிருந்து கணக்கிடுங்கள். இங்கு பதிவு செய்த நாளிலிருந்து அன்று. உற்பத்தி நிறுவனத்தின் பற்றரி உத்தரவாதம், பிற நாட்டிலிருந்து வந்த இவ்வண்டிக்கு இங்கே செல்லுபடியாகுமா என்பதை எழுத்தில் கேளுங்கள்.

நான்கு. தவணைப் பணத்தில் வாங்குவோர், கடன் முடியும் ஆண்டில் பற்றரி எந்நிலையில் இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். பற்றரி ஓய்ந்த பின்னும் தவணை ஓய்வதில்லை.

ஐந்து. அளந்த இலக்கத்தையும், வாக்களித்த ஓடுதூரத்தையும், திகதியையும் விற்பனைப் பற்றுச்சீட்டில் எழுதுவித்துக் கையொப்பம் பெறுங்கள்.

இவையெல்லாம் தனிமனிதன் தன்னைக் காத்துக்கொள்ளும் வழிகள். ஆனால் ஒவ்வொரு கமக்காரனும் கையில் கருவியோடு திரியவேண்டும் என்பது ஓர் அரசாங்கத்துக்குப் பெருமை தருவதன்று. ஆகவே பகிரங்கமாகச் சில கோரிக்கைகளை முன்வைக்கின்றோம்.

நுகர்வோர் விவகார அதிகார சபைச் சட்டத்தின் 10ஆம் பிரிவின்கீழ், பொருள்களின் விபரத் துண்டு, விற்பனை முதலியன குறித்து வணிகர்க்குப் பணிப்புரை விடுக்க அச்சபைக்கு அதிகாரம் உண்டு. புதிய சட்டம் இயற்றப் பாராளுமன்றத்தைக் காத்திருக்க வேண்டியதில்லை. பாவித்த மின்சாரக் காரை விற்கும் எந்த வணிகரும், பற்றரியின் எஞ்சிய கொள்திறனையும் அது அளக்கப்பட்ட திகதியையும் எழுத்தில் வெளியிட வேண்டும் என்று அச்சபை பணிக்கட்டும். அளக்கும் முறையை இலங்கைக் கட்டளைகள் நிறுவனம் வகுக்கட்டும். உரிமை மாற்றத்தின்போது அவ்விலக்கத்தை மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களம் பதிவு செய்யட்டும்.

அவ்வெழுத்து தமிழிலும் இருத்தல் வேண்டும். ஜப்பானிலிருந்து வந்த பழைய வண்டியின் திரை ஜப்பானிய மொழியிற் பேசுகின்றது. கைந்நூலும் அம்மொழியிலேயே. விற்பனை ஒப்பந்தம் ஆங்கிலத்தில். இவற்றில் எதனையும் வாசிக்க இயலாத ஒருவர், அவற்றின் அடியிற் கையொப்பம் மட்டும் தமிழில் இடுகின்றார்! 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்தினால் தமிழும் அரசகரும மொழியாயிற்று. அந்த ஏற்பாடு பெயர்ப்பலகைகளோடு நின்றுவிட வேண்டியதில்லை. நம் மக்கள் தம் வாழ்நாட் சேமிப்பைக் கொடுத்து வாங்கும் பொருளின் விபரத்துக்கும் அது எட்டவேண்டும்.

"கருவிகள் ஒன்றுக்கொன்று முரண்படும், எதனை நம்புவது?" என்று ஆட்சேபிப்போர் உளர். ஆட்சேபத்தில் உண்மை உண்டு. நம்மைப் போலவே ஜப்பானின் பழைய லீஃப் வண்டிகளை இறக்கிய நியூசீலாந்தில், 30 அலகுப் பற்றரிகள் மிக விரைவாகத் தேய்வதாக 2018இல் உரிமையாளர் திரட்டிய கணக்கு காட்டியது. ஆராய்ந்தபோது, வண்டியினுள் இருந்த கணக்கிடும் மென்பொருளே தவறாகக் காட்டுவது தெரிந்தது. நிறுவனம் அதனைத் திருத்தியது. இதிலிருந்து பெறத்தக்க பாடம் அளத்தல் வீண் என்பதன்று. பலரும் அளந்து, கணக்கை ஒன்று சேர்த்தமையாலேயே தவறு வெளிப்பட்டது. ஈரமானி பிழைத்தால் அதனைத் திருத்துவோம்; நெல்லை அளக்காமல் வாங்குவோம் என்று எவரும் கூறுவதில்லை.

"இது எங்குமில்லாத புதுமை" என்பாருக்கும் விடை உண்டு. ஐக்கிய நாடுகளின் கீழ் ஜெனீவாவில் 2022 மார்ச்சில் ஏற்கப்பட்ட உலகத் தொழில்நுட்ப விதி, 5 ஆண்டு அல்லது 100,000 கிலோமீற்றரில் பற்றரியில் 80 வீதமும், 8 ஆண்டு அல்லது 160,000 கிலோமீற்றரில் 70 வீதமும் எஞ்சியிருக்க வேண்டும் என்று வகுத்துள்ளது. ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் இயற்றிய பற்றரிச் சட்டத்தின்படி, 2027 பெப்ரவரி முதல் அங்கு சந்தைக்கு வரும் ஒவ்வொரு மின்சார வாகனப் பற்றரிக்கும் தனியான கடவுச்சீட்டு இருத்தல் வேண்டும். பற்றரிக்கே கடவுச்சீட்டு வழங்கும் காலத்தில், ஒரு துண்டுக் கடிதம் கேட்பது பேராசையாகுமா?

அரசாங்கம் அசையும் வரை கைகட்டியிருக்க வேண்டியதுமில்லை. கமக்காரர் அமைப்புக்களும், ஆசிரியர் சங்கங்களும், கல்முனை முதல் பொத்துவில் வரையுள்ள பள்ளிவாசல், கோயில் பரிபாலன சபைகளும் மனம் வைத்தால், ஊருக்கு ஒரு கருவியும் அதனை இயக்கத் தெரிந்த ஓர் இளைஞரும் போதும். ஒரு கொப்பியில் வண்டியின் ஆண்டு, அளந்த வீதம், உண்மையில் ஓடிய தூரம் ஆகிய மூன்றையும் எழுதி வாருங்கள். ஈராண்டில், கச்சான் வெக்கையில் எவ்வகைப் பற்றரி எவ்வாறு தேய்கின்றது என்பதற்கு நம் கரையோரத்துக்கே உரிய சான்று நம் கையில் இருக்கும். தமிழரும் முஸ்லிம்களும் ஒரே றோட்டில் ஓடுகின்றோம். ஒரே வெயிலிற் காய்கின்றோம். இக்கணக்கையும் ஒன்றாகவே எழுதுவோம். அரிசோனா மக்களை நிறுவனம் செவிமடுத்தது அவர்கள் உரத்துப் பேசியதனாலன்று. அளந்த இலக்கத்தோடு பேசியதனாலேயே. நாமும் அவ்வாறு பேசக் கற்றுக்கொள்வோமாக.